பிளேட் கழுவியவன் எழுதும் மடல்

கோயம்புத்தூர் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும்

வணக்கமுங்க.

நீங்கள் கூட்டம் போடுகிற விக்டோரியா ஹாலிலிருந்து வெரைட்டி ஹால் ரோடு கூப்பிடு தூரம். போன மாசம் அந்த ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பையன், "ஏனுங்க, வெரைட்டி ஹால்னா எதுங்க? மேப்புல தேடறேன், ரோடு மட்டும்தான் வருது" என்றான். நான் கை நீட்டிக் காட்டத் திரும்பினேன். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையை மடக்கிக்கொண்டு டீயைக் குடித்தேன். ஊரின் பழைய படங்களைக் காக்க ஓர் அறை கேட்கும் இந்த மடல் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1974இல் பதினாறு வயதில் இந்த ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவன். முதலில் எடுபிடி, பிறகு டார்க் ரூம், அதற்குப் பிறகு டச்சிங். இன்றைய பிள்ளைகளுக்கு டச்சிங் என்றால் தெரியாது. சாய்மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, கீழே கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்பி, ஊசி போலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பையும் மறைப்பது. கோயம்புத்தூரில் பாதிப் பேருக்குக் கல்யாண வயதில் அழகான முகம் இருந்ததற்கு என்னைப் போல நாலைந்து பேர் காரணம்.

அதே கையால் செய்த இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். கடையின் பரணில் மரப்பெட்டிகளில் பழைய கண்ணாடி பிளேட்டுகள், அதாவது ஃபிலிமுக்கு முந்திய கண்ணாடி நெகட்டிவ்கள், அடுக்கியிருந்தன. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் முதலாளியின் அப்பா எடுத்தவை. ஃபுல் பிளேட், ஹாஃப் பிளேட், எல்லாம் நல்ல கனமான கண்ணாடி. ஒரு சித்திரை மாசம் முதலாளி சொன்னார்: "தம்பி, அந்தப் பொட்டியெல்லாம் எறக்கி கழுவிப் போடு. ஃப்ரேம் கடைக்காரன் கண்ணாடி கேக்கறான்." அண்டாவில் சுடுதண்ணீர், அதில் ஒரு கை சலவை சோடா. பிளேட்டைப் போட்டால் படம் பதிந்த ஜெலட்டின் பூச்சு பாலாடை போல உரிந்து வரும். உரியும்போது முகம் முதலில் நீளும், பிறகு கிழியும், பிறகு தண்ணீரில் சாம்பல் நிறத்தில் சுருண்டு மிதக்கும். ஒரு கண்ணாடிக்குப் பத்துப் பைசா கொடுத்தார். நாலு நாளில் பரண் காலி. அந்தக் காசில் சினிமா பார்த்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. பரண் அவருக்குத் தேவைப்பட்டது. ஊரில் முக்கால்வாசிக் கடைகளில் நடந்தது இதுதான். கண்ணாடி போய் ஃபிலிம் வந்தபின் வெள்ளிக்காரர்கள் வந்தார்கள். படத்தில் கருப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளிதானே. படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ தொட்டியில் தேங்கிய தண்ணீரையும் கேன் கேனாக வாங்கிப் போவார்கள், பழைய நெகட்டிவைக் கிலோக் கணக்கிலும் எடுப்பார்கள். சினிமாப் படச்சுருளுக்கும் அதே கதிதான். ஓடி முடித்த பிரதிகளிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் வருஷத்துக் காளிதாஸ் இன்று ஓர் அடிகூட இல்லை. ஈயமாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

இனி உங்கள் ரோட்டுக்கு வருகிறேன்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883இல் பிறந்த நம் ஊர்க்காரர். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் படம் வரையும் வேலை. 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே ஊர் ஊராக வந்தவர், திருச்சியில் உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்பத் தீர்மானித்தார். அவருடைய ப்ரொஜெக்டரையும் கையில் இருந்த படங்களையும் வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அதில் ஒன்று. அந்தக் காலத்து ரயில்வே குமாஸ்தாவுக்கு அது எத்தனை வருஷச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டார், கூடாரத்தைக் கட்டி வண்டியில் ஏற்றினார். தெற்கே சுற்றினார், வடக்கே பெஷாவர் வரை போனார், கப்பலேறி ரங்கூனும் போனார். 1914இல் சொந்த ஊருக்குத் திரும்பி வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகையைக் கட்டினார். ஊரில் கரண்ட் இல்லாத காலம். தானே எஞ்சின் வைத்து மின்சாரம் எடுத்தார். ராத்திரி படத்துக்கு ஆனது போக அந்த மின்சாரத்தில் அரிசி மில் ஓடியது, அச்சகம் ஓடியது. சினிமாக்காரர் என்று மட்டும் அவரைச் சொன்னால் அரைக் கதைதான் சொன்னதாகும். அந்த மனிதர் அச்சையும் வெளிச்சத்தையும் ஒரே எஞ்சினில் பூட்டியவர்.

பிற்பாடு அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. நான் பிளேட் கழுவிய காசில் படம் பார்த்தது அங்கேதான். பழைய படங்களை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு கடைசி மூச்சு வரை இழுத்தது. இப்போது இடித்தாகிவிட்டது. தனியார் இடம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இடிக்கும் முன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது உள்ளே போய் ஆபரேட்டர் ரூமையும், டிக்கெட் ஜன்னலையும், சுவரில் மிச்சமிருந்த எழுத்துகளையும் முறையாகப் படம் எடுத்து, அளவெடுத்து, அலமாரிகளைத் திறந்து பார்த்தார்களா? இடிக்க அனுமதி கேட்டு ஒரு காகிதம் உங்கள் அலுவலகத்துக்கு வரும் அல்லவா, அப்போது கேட்கக்கூடிய கேள்வி இது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. "தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம். மெட்ராஸில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இலேயே வந்துவிட்டது. நமக்கு ஒரு வருஷம் முந்தி. நம் வெரைட்டி ஹால் தென்னாட்டுக்காரர் ஒருவர் கட்டிய ஆரம்ப காலத்து நிரந்தரக் கொட்டகைகளில் ஒன்று என்பதே போதுமான பெருமை. எனக்கு உறைப்பது வேறு. அந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைக்காரர்கள் புழங்கும் இடமாக இன்றும் நிற்கிறது. "முதல்" பட்டம் நம்மிடம் இருக்கிறது, கட்டடம் அவர்களிடம் இருக்கிறது.

பைக்காரா மின்சாரம் முப்பதுகளின் தொடக்கத்தில் வந்தபின் இந்த ஊர் மாறிய கதையை மில்காரர்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நூற்பாலைகள் மளமளவென்று எழுந்தன. அதே மின்சாரமும் அதே மில் பணமும்தான் ஸ்டூடியோக்களையும் கொண்டுவந்தன. அதுவரை தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருந்தது. வின்சென்டே 1933இல் வள்ளி திருமணம் படத்தைக் கல்கத்தாக் கம்பெனியோடு சேர்ந்துதான் எடுத்தார். சில வருஷத்தில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. பாகவதரின் சிவகவியும் ஹரிதாஸும் அங்கே உருவானவை. மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த ஹரிதாஸின் ஊர் நம் திருச்சி ரோடு என்பது அந்த ரோட்டில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எம்.ஜி.ஆர். முதல் முறையாகக் கதாநாயகனாக நின்ற ராஜகுமாரி 1947இல் இங்கேதான். அதற்கு வசனம் எழுத வந்த கலைஞர் சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் குடியிருந்தார். 1949இல் அண்ணாவின் வேலைக்காரியும் இங்கேதான். பின்னாளில் கோட்டைக்குப் போன மூன்று பேர் ஒரே தெருமுனையில் டீ குடித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வரும்.

சென்ட்ரலிலிருந்து பிரிந்த இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு 1945இல் கந்தன் ஸ்டூடியோவை எடுத்துப் பட்சிராஜா என்று பெயர் வைத்தார். எங்கள் புலியகுளம் பக்கம். 1954இல் அங்கே எடுத்த மலைக்கள்ளன்தான் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். நாமக்கல் கவிஞரின் கதை, கலைஞரின் வசனம். அதே கதையை நாயுடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் வரை கொண்டுபோனார். இந்திக்கு ஆசாத் என்று பெயர். திலீப் குமாரும் மீனா குமாரியும் அதற்காகக் கோயம்புத்தூர் வந்து நடித்தார்கள். ஒரே கதை, ஆறு மொழி, ஒரு மில் ஊரிலிருந்து. இன்றைக்குப் 'பான் இந்தியா' என்று பேனர் கட்டுகிறவர்கள் ஒரு நடை புலியகுளம் வந்துவிட்டுப் போகலாம்.

பிறகு எல்லாம் மெட்ராஸுக்குப் போயிற்று. அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லேப் அங்கே, விநியோகஸ்தர் அங்கே, நடிகர் வீடு அங்கே. நாயுடுவும் பெங்களூர் போனார்.

அக்கம்பக்கத்தில் சேலத்தையும் பார்த்துவிட்டேன். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் பாலனும், தமிழின் முதல் வண்ணப் படம் அலிபாபாவும் 40 திருடர்களும் அங்கிருந்து வந்தவை. இன்று ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவு நிற்கிறது. ஆட்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், கட்சிகள் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டன. வளைவுக்குப் பின்னால் வீட்டுமனை. எனக்குப் பயமாக இருப்பது இதுதான். நீங்கள் நல்ல மனசோடு இந்த மடலைப் படித்துவிட்டு, வெரைட்டி ஹால் ரோட்டில் ஒரு வளைவு, வின்சென்டுக்கு ஒரு சிலை, உக்கடம் குளக்கரையில் 'ஐ லவ் கோவை' பக்கத்தில் ஒரு பித்தளை கேமரா என்று தீர்மானம் போட்டுவிடக்கூடாது. தயவுசெய்து வேண்டாமுங்க. அந்தக் காசில் ஓர் அறை வேண்டும்.

அறையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அதில் என்ன வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அதைச் சொல்கிறேன். நடிகர்களின் படங்கள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், அவர்களுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். பிழைக்காமல் போவது நாங்கள் எடுத்த படங்கள். போனஸ் வாங்கிய சனிக்கிழமை மில் ஆட்கள் வருவார்கள். வேட்டி சட்டையில் வந்தவர், கடை ஆணியில் தொங்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஒரே கோட்டில் இந்த ஊரில் ஆயிரம் பேர் நின்றிருக்கிறார்கள். பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படி, ஏரி, ஊட்டி ரயில். பக்கத்தில் முக்காலியும் அதன்மேல் ஒரு ரேடியோவும் இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் பெட்டி ரேடியோ அது. பெண்ணுக்குச் சீர் செய்த அன்று குடும்பமே வரும். ஜடையின் பூ அலங்காரம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுப்போம். சங்கத்துக் குரூப் போட்டோ, ரிட்டையர் ஆகிறவருக்கு மாலை போட்ட குரூப் போட்டோ. அப்புறம் யாரும் வெளியே சொல்லாத வேலை ஒன்று உண்டு. சாவு வீட்டுக்குப் போவது. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க, உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்துக்கொள்ளாத பாட்டிக்கு முதலும் கடைசியுமான படம். மூடிய கண்ணை டச்சிங்கில் திறந்து கொடுத்திருக்கிறேன். அதை வீட்டில் மாட்டிப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். இந்த ஊர் மில் ஊர் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. மில்லில் நின்றவர்களின் முகம் எங்கள் நெகட்டிவ் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

தியேட்டர் ஸ்லைடுகளை மறந்துவிடாதீர்கள். இடைவேளையில் போடுவார்களே, சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் கையால் எழுதி வண்ணம் தீட்டி. ஒப்பணக்காரத் தெரு ஜவுளிக்கடை, ராஜ வீதி நகைக்கடை, 'தொலைந்த குழந்தையின் பெற்றோர் மேனேஜர் அறைக்கு வரவும்' வரை. ஊர்ச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கண்ணாடித் துண்டுகளில். வண்டியில் தப்பட்டை அடித்து வீசிய நோட்டீஸ், இரண்டணாப் பாட்டுப் புத்தகம், அதன் பின்னட்டையில் உள்ளூர் சோடாக் கம்பெனி விளம்பரம் எல்லாம் இதோடு சேர்ந்தவை. பிற்பாடு வந்த கல்யாண வீடியோ கேசட்டுகளும், தொண்ணூறுகளில் கேபிள்காரர்கள் நடத்திய உள்ளூர்ச் சேனல் டேப்புகளும் இப்போது அதே வரிசையில் நிற்கின்றன. அந்த டேப்புகள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓட்டிப் பார்க்கிற மெஷினும் அரிதாகிவிட்டது. கண்ணாடி பிளேட் எண்பது வருஷம் கேட்காமல் கிடக்கும். கேசட் அத்தனை பொறுமைசாலி இல்லை.

அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்று போதும். மேல்மாடி வேண்டாம், கூரை சுடும். தரைத்தளம் வேண்டாம், மழை பெய்தால் தண்ணீர் வரும் இடங்கள் உங்களுக்கே தெரியும். நடு மாடி. ராத்திரி பகல் ஓடுகிற ஏசி, ஈரத்தை உறிஞ்சும் மெஷின், இரும்பு அலமாரி, அமிலம் இல்லாத காகித உறை. ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வாட்ச்மேன் ஏசியை அணைத்துவிட்டுப் போகிற அறை என்றால், மன்னியுங்கள், பரணே மேல். தினம் சூடும் குளிரும் மாறி மாறி அடித்தால் ஜெலட்டின் சீக்கிரம் உரியும். ஃபிலிம் பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்றதோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். ஐம்பதுகளுக்கு முந்திய சினிமா ஃபிலிம் கிடைத்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். அது நைட்ரேட், வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஆளை வைக்கும்போது நெகட்டிவுக்கு முன்னால் ரிஜிஸ்டரைத் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. நெகட்டிவ் நம்பர், பெயர், ஊர், சைஸ், எத்தனை காப்பி, அட்வான்ஸ், டெலிவரி தேதி. நெகட்டிவின் ஓரத்தில் கீறிய நம்பரும் நோட்டில் உள்ள நம்பரும் சேர்ந்தால்தான் ஒரு முகத்துக்குப் பெயர் வரும். நோட்டு போய்விட்டால் அழகான அநாதைகள்தான் மிஞ்சும். பழைய பேப்பர்காரர் முதலில் எடுப்பது அந்த நோட்டைத்தான், காகிதம் கனம்.

வீடுகளுக்குப் போனால் படத்தைப் பிடுங்கி வராதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு அதே ஆணியில் திரும்ப மாட்டிக் கொடுங்கள். செத்த மாமனாரின் படத்தை எந்த மருமகளும் அரசாங்கத்திடம் கொடுக்க மாட்டாள், கொடுக்கவும் கூடாது. படத்தில் உள்ளவர்களை ஊருக்குக் காட்டலாமா என்று அந்த வீட்டைக் கேட்ட பிறகே காட்டுங்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆட்கள் தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் பிரதி எடுத்தார்கள். பிரிட்டிஷ் நூலகம் அதற்குப் பணம் கொடுத்தது. நம் பாட்டிமார் படத்தைக் காக்க லண்டனிலிருந்து காசு வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாக, மற்றவர்கள் குப்பை என்ற நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தார். அது சென்னையில் இன்று பெரிய ஆராய்ச்சி நூலகம். தூரம் போக வேண்டாம், நம் ஊர் காஸ் வன அருங்காட்சியகம் 1902இலிருந்து செத்த பட்டாம்பூச்சியின் சிறகு உதிராமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பட்டாம்பூச்சிக்கு முடிகிறது.

பணத்தை விட அவசரம் ஆட்கள். ஸ்டூடியோக்களில் லைட் பாயாக இருந்தவர்கள், டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர்கள், பேனர் எழுதியவர்கள், திரைச்சீலை வரைந்தவர்கள் எல்லாம் எழுபது எண்பதைத் தாண்டியவர்கள். ஒரு குரூப் போட்டோவைக் கையில் கொடுத்தால் இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு வார்டிலும் ரேஷன் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள், வந்து சேருவார்கள். மூன்று வேளை டீயும் உட்கார நாற்காலியும் கொடுத்தால் போதும்.

என்னிடம் மூன்று டிரங்குப் பெட்டி இருக்கிறது. கடை மூடியபோது கூலிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கியது. 1951இலிருந்து 1983 வரை நெகட்டிவ், நடுவில் ஆறு வருஷத்துக்கு ரிஜிஸ்டர் இல்லை. கழுவாமல் ஒளித்துவைத்த பிளேட் பதினேழு. அதில் ஒன்றில் ஒரு பையன் வெரைட்டி ஹால் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான், பின்னால் போர்டில் பாதி எழுத்துத் தெரிகிறது. அவன் யாரென்று ஐம்பது வருஷமாகத் தேடுகிறேன்.

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்குத் தை மாசம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் ஆள் அனுப்பினால் நல்லது. ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பிடித்து முகம் படிக்க இப்போதைக்கு முடிகிறது. வருகிறவர்களிடம் பருத்திக் கையுறை கொடுத்தனுப்புங்கள். வெறுங்கையோடு வந்தால் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய டச்சிங் ஆர்ட்டிஸ்ட் ஒருவன்,
புலியகுளம், கோயம்புத்தூர்